கண்மணி சொல்லும் சேதி
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

ஆண்டு விழாவில் ஏதேனும் ஒரு பொருள் பற்றிப் பேச வேண்டும் என்று நம் செயலாளர் பணித்தபோது பெரிதும் தயங்கினேன். இலக்கியம் பேச நம்மிடையே புலமை மிக்கோர் இருக்கின்றனர். இசைக்கும் நாடகத்துக்கும் ஆள் குறைவில்லை. மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்திவிட்டு, ரயில்வே அலுவலகத்தில் பதிவேடுகளோடு காலங்கழிக்கும் எழுத்தனாகிய நான் எதைப் பேசுவது? ஆயினும், நம் காலனிக் குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டிய செய்தி ஒன்று சில ஆண்டுகளாக என் நெஞ்சில் இருந்து வருகிறது. தலையில் அடிபட்டவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சென்றால், டாக்டர் அவருடைய இமையைத் திறந்து கண்மணியில் டார்ச் விளக்கை அடித்துப் பார்க்கிறாரே, அஃது ஏன்? அங்கே அவர் காண்பது என்ன? இதுவே நான் எடுத்துக்கொண்ட பொருள்.

நான் மருத்துவன் அல்லேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரயில்வேயில் நடைபெறும் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் முதலுதவி வகுப்பில் கேட்டவை, பின்னர் ஆர்வத்தால் படித்தவை, அண்டை வீட்டு அம்மையார் ஒருவரின் பொருட்டு ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் விழித்திருந்தபோது கண்டவை ஆகியவற்றைத்தான் சொல்லப்போகிறேன். எழுதியதை ஒரு டாக்டர் நண்பர் படித்துப் பார்த்துப் பிழை நீக்கிக் கொடுத்தார்.

நாக்பூரில் வாழும் நமக்கு இப்பொருள் தொலைவானதன்று. நாம் முற்றத்தில் பொங்கற்பானை ஏற்றும் அதே நாளில் இந்நகரத்து மொட்டை மாடிகள் எல்லாம் சங்கராந்திப் பட்டங்களால் நிறைந்துவிடுகின்றன. வானத்தையே பார்த்துக்கொண்டு பின்னோக்கி நடக்கும் பிள்ளைகளுக்குக் கைப்பிடிச் சுவர் எங்கே முடிகிறது என்பது தெரிவதில்லை. 2017 ஆம் ஆண்டில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் நைலான் மாஞ்சாவைத் தடை செய்தது; தடை வந்தும் நூல் வந்துகொண்டுதான் இருக்கிறது. அது குறுக்கே வர, இரு சக்கர வண்டியோடு சாய்பவர்களும் உண்டு. வீட்டுக்குள்ளோ, குளியலறையில் வழுக்கி விழும் முதியோர். நம் வேலையிடத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

நிற்க. கண்மணி என்பது யாது? கருவிழியின் நடுவே கறுப்பாய்த் தெரியும் அந்த வட்டம், உண்மையில் ஒளி உட்புகுவதற்கான ஒரு துளை. அதைப் பாவை என்றும் கூறுவர். எதிரே நிற்பவரின் உருவம் அதில் சிறு பொம்மைபோல் தெரிவதனால் அப்பெயர் வந்தது. வள்ளுவரும் கருமணியில் உள்ள பாவையைப் பாடியிருக்கிறார். வியப்பு என்னவென்றால், ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் பியூபில் என்னும் சொல்லும், சிறு பொம்மை என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்தே வந்தது. கடல் கடந்த இரு மக்கள் ஒருவரையொருவர் கேளாமலே ஒரே பெயரை வைத்திருக்கிறார்கள்!

இத்துளையைச் சுருக்குவதற்கு ஒரு தசையும் விரிப்பதற்கு ஒரு தசையும் உண்டு. நல்ல வெளிச்சத்தில் அதன் குறுக்களவு 2 முதல் 4 மி.மீ. வரை இருக்கும், இருட்டில் 4 முதல் 8 மி.மீ. வரை விரியும். ஒளி பட்டவுடன் சுருங்குவது நம் விருப்பத்தால் நடப்பதன்று. மயக்கத்தில் கிடப்பவரிடத்தும் அது நிகழும். ஆகையினால்தான் வாய் பேசாத நோயாளியிடம் மருத்துவர் கண்மணியைக் கேட்கிறார்.

இதன் வழியை நம் ரயில்வேக்காரர்களுக்கு விளக்குவது எளிது. அப் லைன், டவுன் லைன் என இரண்டு உண்டென்று கொள்ளுங்கள். ஒளியின் செய்தி விழித்திரையிலிருந்து பார்வை நரம்பு வழியாக நடுமூளைக்குச் செல்கிறது. இது போகும் பாதை. நடுமூளையானது, செய்தி எந்தக் கண்ணிலிருந்து வந்தாலும், ‘சுருங்குக’ என்னும் கட்டளையை இரு கண்களுக்குமே அனுப்புகிறது. அக்கட்டளை மூன்றாம் மண்டை நரம்பு வழியாக வருகிறது. இது வரும் பாதை. எனவே வலக் கண்ணில் ஒளி பட்டால் இடக் கண்மணியும் கூடவே சுருங்க வேண்டும். வலக் கண்ணின் போகும் பாதை பழுதுபட்டிருந்தால், அதில் ஒளி அடிக்கையில் இரண்டும் சும்மா இருக்கும். இடக் கண்ணில் அடிக்கையில் இரண்டும் சுருங்கும். வலப்பக்கத்து வரும் பாதையில் பழுதென்றால், எந்தக் கண்ணில் ஒளி அடித்தாலும் இடப்பக்கம் சுருங்கும். வலப்பக்கம் விரிந்தபடியே நிற்கும். டார்ச்சை இப்பக்கமும் அப்பக்கமுமாக மாற்றி மாற்றி அடித்துப் பார்ப்பதன் பொருள் இதுதான். எந்தப் பிளாக்கில் கோளாறு என்று சிக்னல் பிரிவினர் தேடுவதைப் போன்றதே.

இந்த வரும் பாதைக்கும் மூளைக் காயத்துக்கும் உள்ள தொடர்பை இனிக் காண்போம். மண்டையோடு என்பது சீல் வைத்து மூடிய இரும்பு வாகனை ஒத்தது. அதனுள் மூளை, இரத்தம், மூளைத் தண்டுவட நீர் ஆகிய மூன்றே சரக்குகள். எடின்பரோவின் அலெக்ஸாண்டர் மன்றோ 1783 ஆம் ஆண்டிலும், அவர் மாணாக்கராயிருந்த ஜார்ஜ் கெல்லி 1824 ஆம் ஆண்டிலும் இதை எடுத்துரைத்தனர். வாகன் விரியாது, ஆகவே ஒன்று மிகுந்தால் மற்றொன்று குறைந்தே ஆக வேண்டும். அடிபட்டு உள்ளே இரத்தம் கசிந்து கட்டினால், முதலில் நீரும் சிரை இரத்தமும் இடம் விட்டு ஒதுங்கிக் கொடுக்கின்றன. அதனால் சிறிது காலம் வெளியே ஒன்றும் தெரிவதில்லை. ஒதுங்குவதற்கு இனி இடமில்லை என்னும் நிலை வந்ததும், அழுத்தம் படிப்படியாக ஏறாமல் ஒரே தாவலாக ஏறிவிடுகிறது. பெரியவர்களுக்கு மண்டைக்குள் இயல்பான அழுத்தம் 15 மி.மீ. பாதரச அளவுக்குள் இருக்கும். 22ஐத் தாண்டினால் அதைக் குறைக்க மருத்துவம் செய்ய வேண்டும் என்பது 2016 இல் வெளியான அமெரிக்க வழிகாட்டு நெறி.

மூளையின் மேலறைக்கும் கீழறைக்கும் இடையில் கூடாரம் போன்ற விறைத்த சவ்வு ஒன்று உண்டு. அதன் நடுவில் ஒரு வாயில். நடுமூளை அவ்வாயிலில் அமைந்திருக்கிறது. மூன்றாம் நரம்பு அதை ஒட்டிச் செல்கிறது. மேலறையில் அழுத்தம் மிகும்போது, பொட்டுப் பக்கத்து மூளையின் உள்விளிம்பு அவ்வாயிலில் பிதுங்கி அந்நரம்பின்மேல் ஏறுகிறது. கண்மணியைச் சுருக்கும் இழைகள் அந்நரம்பின் மேற்பரப்பிலேயே ஓடுகின்றன. ஆதலின் அழுத்தத்துக்கு முதலில் இரையாகுபவை அவையே. அடிபட்ட பக்கத்துக் கண்மணி முதலில் ஒளிக்கு மந்தமாகச் சுருங்குகிறது. பின்பு விரிந்து அசைவற்று நின்றுவிடுகிறது. மேலும் தாமதித்தால் மறுபக்கத்துக் கண்மணிக்கும் அதே கதி நேர்கிறது. மூச்சை நடத்தும் மையம் அதற்கு அடுத்த கீழறையில் இருக்கிறது என்றால், மேற்கொண்டு நான் விளக்க வேண்டுவதில்லை.

லண்டன் அறுவை மருத்துவர் ஜானதன் ஹட்சின்ஸன் 1867 ஆம் ஆண்டு ஆற்றிய சொற்பொழிவுகளில் இதை விளக்கினார். இன்றும் அத்தகைய கண்மணிக்கு அவர் பெயரே வழங்குகிறது. மண்டைக்குள் ஊடுருவிக் காட்டும் சி.டி. ஸ்கேன் முதன்முதலாக ஒரு நோயாளியைப் படமெடுத்தது 1971 அக்டோபர் முதல் நாள், விம்பிள்டனில் ஓர் ஆஸ்பத்திரியில். அதற்கு முந்திய நூறாண்டுக் காலம் மண்டையின் எந்தப் பக்கத்தில் துளையிடுவது என்னும் கேள்விக்கு அறுவை மருத்துவர் பெரிதும் நம்பிய வழிகாட்டி, விரிந்து நின்ற கண்மணிதான். பெரும்பாலும் அது சரியாகவே வழிகாட்டியது; சில வேளை எதிர்ப்பக்கத்தைக் காட்டி ஏமாற்றியதும் உண்டு.

இனி நம் போன்றோர்க்கே உரிய ஒரு செய்திக்கு வருகிறேன். கண்மணியை மட்டும் பார்த்து மருத்துவர் முடிவு செய்வதில்லை. கிளாஸ்கோ நகரத்தின் கிரஹாம் டீஸ்டேலும் பிரையன் ஜென்னெட்டும் 1974 ஆம் ஆண்டு வகுத்த கிளாஸ்கோ கோமா அளவையையும் கூடவே குறிக்கிறார். கண் திறத்தலுக்கு 4, பேச்சுக்கு 5, அசைவுக்கு 6, ஆக மொத்தம் 15. ஒன்றுமே இல்லாதவர்க்கும் மூன்று உண்டு. 2018 இல் டீஸ்டேலும் அவருடைய தோழர்களும் இந்த எண்ணிலிருந்து, ஒளிக்குச் சுருங்காத ஒவ்வொரு கண்மணிக்கும் ஒன்றைக் கழிக்கலாம் என்று ஒரு கணக்கை வெளியிட்டனர். அதன்படி மிகக் கீழான எண் 1.

இவ்வளவையில் பேச்சுக்கு 5 என்றேனே, அதைக் கவனியுங்கள். ‘உங்கள் பெயர் என்ன? இது எந்த இடம்? இப்போது என்ன மாதம்?’ என்று கேட்பார்கள். கேட்பது இந்தியிலோ மராத்தியிலோ! ‘கையைத் தூக்குங்கள்’ என்னும் கட்டளையும் அவ்வாறே. கண்மணிக்கு மொழி வேண்டாம். ஊரார் யாவர்க்கும் அது ஒன்றாகவே விடை தரும். பேச்சுக்கு மொழி வேண்டும். ஊரிலிருந்து மகன் வீட்டுக்கு வந்திருக்கும் நம் தாய்மார்க்கு ‘பானி’, ‘தூத்’ என்பவற்றுக்கு மேல் எத்தனை இந்திச் சொற்கள் தெரியும்?

நடந்ததைக் கூறுகிறேன். சம்பந்தப்பட்ட அம்மையார் இதோ முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார். அவர் இசைவு பெற்றே கூறுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலையில் அவர் குளியலறையில் வழுக்கி விழுந்து பின்தலையில் அடிபட்டார். வயது அப்பொழுதே எழுபதைக் கடந்திருந்தது. இருதய வால்வு மாற்றியவராதலால் இரத்தம் உறையாதிருக்கும் மாத்திரை உட்கொண்டு வந்தார். மகன் லோகோ பைலட். வண்டியோடு வெளியூர் சென்றிருந்தார். மருமகளும் நானும் என் மனைவியும் அவரை ஓர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சென்றோம். மருமகள் சீட்டு எழுதும் இடத்தில் நின்றிருந்த நேரத்தில் இளம் டாக்டர் ஒருவர் அம்மையாரிடம் இந்தியில் மாதம் கேட்டார். அவரும் ஏதோ குறிப்பால் உணர்ந்து, “கார்த்திகைப்பா” என்றார். டாக்டர், பேச்சில் குழப்பம் என்று குறித்துக்கொண்டார். அவரை நான் குறை கூறேன். அவர் முன்னே அன்று பெருங்கூட்டம். ஓடிவந்த மருமகள், “அத்தை சரியாத்தான் சொல்றாங்க, எங்க மாசம் அது” என்று அரைகுறை இந்தியில் எடுத்துச் சொல்லவே, டாக்டர் சிரித்து, தாம் எழுதியதைத் திருத்தினார். கண்மணிகள் இரண்டும் 3 மி.மீ., விரைவாகச் சுருங்கின. ஸ்கேனில் மெல்லியதாக ஓர் இரத்தப் படிவு தெரிந்தது. மாத்திரை உட்கொள்பவராதலின் கண்காணிப்பில் வைத்தார்கள்.

மறுநாள் இரவு, மணி இரண்டு இருக்கும். அம்மையார் இடைவிடாது பேசிக்கொண்டிருந்தார். நர்ஸ் அம்மையார் வந்து பார்த்தார். கண்மணிகள் முன்போலவே இருந்தன. ஆயி நன்றாகப் பேசுகிறார் என்று மகிழ்ச்சியோடு எழுதப் போனார். அருகில் இருந்த மருமகளின் காதில் விழுந்த பேச்சோ வேறு. “மாட்டைக் கட்டியாச்சா? அண்ணன் பள்ளிக்கூடம் விட்டு வந்துட்டானா?” அந்த அண்ணன் இறந்து நாற்பது ஆண்டுகள் ஆகின்றன. மருமகளை வேறு பெயரிட்டும் அழைத்திருக்கிறார். மருமகள் எழுந்து சென்று, “சிஸ்டர், அத்தை பேசறது சரியில்லை” என்று கூறினார். அந்த நர்ஸ் அதைப் புறந்தள்ளவில்லை; டாக்டரை எழுப்பினார். மீண்டும் எடுத்த ஸ்கேனில் இரத்தக் கட்டு பெருத்திருந்தது. இரத்தம் உறைவதற்கான மருந்தேற்றி, பொழுது புலர்வதற்குள் அறுவை செய்தார்கள். அறுவைக் கூடத்துக்குள் தள்ளிச் செல்லும் தருணத்தில்தான் வலக் கண்மணி மந்தப்பட்டதாகப் பிறகு டாக்டர் கூறினார்.

அன்பர்களே, இதனின்று நான் அறிந்துகொண்டது ஒன்று உண்டு. கண்மணி மொழியின்றிப் பேசும் சாட்சி. ஆனால் காலந்தாழ்ந்து பேசும் சாட்சி. அதற்கு முன்னரே சோர்வும் உறக்கமும் பேச்சின் தடுமாற்றமும் பேசிவிடுகின்றன. நம் முதியோரிடத்தில் அப்பேச்சு தமிழில் இருக்கிறது. இங்குள்ள நர்ஸோ டாக்டரோ அதை அறிய வழியில்லை. கட்டிலருகே தமிழ் அறிந்தவர் ஒருவர் இருப்பதும், கேட்டதை வாய் திறந்து சொல்வதும், டார்ச் விளக்கைப்போல ஒரு சோதனைக் கருவியே ஆகும். நம்மவர் பலர், “டாக்டருக்குத் தெரியாததா?” என்று அடக்கத்தோடு வாளாவிருந்துவிடுகிறோம். இவ்விடத்தில் அவ்வடக்கம் ஆகாது.

கைப்பேசி விளக்கு எல்லார் கையிலும் வந்துவிட்டபடியால் வேறொரு வழக்கமும் பரவியிருக்கிறது. பிள்ளை விழுந்தால், வீட்டிலேயே கண்ணில் விளக்கடித்துப் பார்த்து, “கண் நல்லாத்தான் இருக்கு, தூங்கட்டும்” என்று தீர்ப்புக் கூறிவிடுகின்றனர். இது பெருந்தீங்கு. கண்மணி ஒத்திருக்கிறது என்றால், மூன்றாம் நரம்பு இன்னும் நசுங்கவில்லை என்று மட்டுமே பொருள். ஆங்கில நடிகை நடாஷா ரிச்சர்ட்சன் 2009 மார்ச்சில் கனடாவின் கியூபெக் மாநிலத்தில் பனிச்சறுக்குப் பழகுகையில் விழுந்தார். எழுந்து சிரித்துப் பேசினார். உதவிக்கு வந்தோரையும் வேண்டாமென்றார். ஏறத்தாழ ஒரு மணி நேரம் கழித்துத் தலைவலி என்றார். மார்ச் 18 ஆம் நாள் காலமானார்; வயது 45. மண்டையோட்டுக்கும் மூளையின் மேலுறைக்கும் இடையே இரத்தம் கட்டியதே காரணம் என்று சவப் பரிசோதனையில் தெரிந்தது. அடிபட்டதற்கும் மயங்கியதற்கும் இடையில் இவ்வாறு தெளிவாயிருக்கும் பொழுதை நம்பித்தான் பலர் வீட்டில் இருந்துவிடுகிறார்கள். ஓயாத தலைவலி, மீண்டும் மீண்டும் வாந்தி, எழுப்பினால் எழாத உறக்கம், வலிப்பு, ஒரு பக்கத்துக் கைகால் தளர்ச்சி, காதிலோ மூக்கிலோ தெளிந்த நீர் கசிதல், இவற்றில் ஒன்று காணினும் கண்மணியை ஆராய்ந்துகொண்டிராமல் 108க்கு அழைத்து வண்டி ஏற வேண்டும். இரத்தம் உறையாமைக்கு மாத்திரை உண்பவரானால் அக்குறிகள் ஒன்றும் இல்லையென்றாலும் சென்று காட்டிவிட வேண்டும்.

மறுதலையாக, கண்மணி மாறியிருப்பதெல்லாம் மூளைக் காயமும் அன்று. ஐவரில் ஒருவர்க்குப் பிறவியிலேயே இரு கண்மணிகளும் சிறிதளவு வேறுபட்டிருக்கும். பழைய புகைப்படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும். கண்ணிலேயே அடிபட்டால் அக்கண்மணி விரிந்து நிற்கலாம். அவர் தெளிவாகப் பேசிக்கொண்டும் இருப்பார். கண்புரை அறுவை செய்த கண்மணி கோணலாக இருக்கக்கூடும். கண் அழுத்த நோய்க்கான சில சொட்டு மருந்துகள் அதைச் சுருக்குகின்றன. கண் பரிசோதனைக்கு விடும் சொட்டு மருந்து மணிக்கணக்காக விரித்து வைக்கிறது. செயற்கைக் கண் என்பதை அறியாமல் விளக்கடித்துத் திகைத்தவர் கதைகள் ஆஸ்பத்திரிகளில் உண்டு. ஊமத்தை விதை உண்டவர்க்கு இரண்டும் அகல விரியும். ரயிலில் முன்பின் அறியாதவர் தரும் பிஸ்கட்டை உண்டு மயங்கிக் கிடப்பவர் விஷயத்தில் இதையும் எண்ண வேண்டியிருக்கிறது. சில பூச்சிமருந்துகளாலும் அபின் வகைகளாலும் குண்டூசித் தலையளவாய்ச் சுருங்கும். மூளைத்தண்டின் நடுப்பகுதியில் இரத்தம் கசிந்தாலும் அவ்வாறே ஆகும். இவற்றைப் பிரித்தறிவது மருத்துவர் தொழில். நம் தொழில், உண்மையை மறைக்காமல் அவரிடம் சொல்வது. தலையில் அடிபட்டவர் கண்ணில் நாமாக எந்தச் சொட்டு மருந்தையும் விடலாகாது. உள்ள ஒரு சாட்சியின் வாயையும் கட்டிய பாவம் நம்மைச் சேரும்.

பதிவேடு எழுதிப் பிழைக்கும் எனக்கு இப்பொருளில் மிகவும் பிடித்த பகுதி இனிமேல்தான் வருகிறது. ஸ்டேஷனில் டிரெயின் ரிஜிஸ்டர் என்று ஒன்று உண்டல்லவா? வண்டி வந்தது என்று எழுதினால் போதாது. எத்தனை மணி எத்தனை நிமிஷம் என்று எழுத வேண்டும். கண்மணிக் குறிப்பும் அத்தகையதே. 4 மி.மீ. என்பது தனியே ஒரு சேதி ஆகாது. பத்து மணிக்கு இரண்டும் 3, பத்தரைக்கு வலம் 4 மந்தம் என்னும்போதே அது சேதி ஆகிறது. நைஸ் என்று சுருக்கமாக வழங்கும் பிரிட்டிஷ் வழிகாட்டு நெறியின்படி, கோமா அளவை 15க்கு வரும்வரை அரை மணிக்கொரு முறை பார்க்க வேண்டும். 15 ஆன பின்னும் முதல் இரண்டு மணி நேரம் அரை மணிக்கொரு முறை, அடுத்த நான்கு மணி நேரம் மணிக்கொரு முறை, அதன்பின் இரண்டு மணிக்கொரு முறை. இரவில் அம்மையாரை நர்ஸ் எழுப்பி எழுப்பிப் பார்த்தபோது, “தூங்க விடமாட்டேங்கறாங்களே” என்று நாங்களே முணுமுணுத்தோம். அந்தத் தூக்கக் கேட்டின் அருமை மறுநாள்தான் விளங்கிற்று.

பார்க்கும் முறையிலும் நுட்பம் உண்டு. அறை விளக்கைத் தணித்து, நினைவுள்ள நோயாளியாயின் தொலைவில் நோக்கச் சொல்லி, டார்ச்சைப் பக்கவாட்டிலிருந்து கொண்டு வரவேண்டும். நேரே நீட்டினால், அருகிலுள்ள பொருளை நோக்குவதாலேயே கண்மணி சுருங்கி ஏமாற்றிவிடும். பேனா டார்ச்சின் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் கறுப்புப் புள்ளிகளோடு ஒப்பிட்டு மி.மீ. கணக்கில் எழுதுகிறார்கள். ஷிப்ட் மாறும்போது போகிறவரும் வருகிறவரும் சேர்ந்து நின்று பார்ப்பது நல்ல வழக்கம். ஏனெனில் ஒருவர் கண்ணுக்கு 3 ஆகத் தெரிவது இன்னொருவர்க்கு 4 ஆகத் தெரியும். நம்மவர்களின் கரும்பழுப்புக் கருவிழியில் கண்மணியின் விளிம்பைப் பிரித்தறிவது இன்னும் கடினம்.

இக்குறையைப் போக்க இப்பொழுது பியூபில்லோமீட்டர் என்னும் கைக்கருவி வந்திருக்கிறது. அகச்சிவப்பு ஒளியால் படம்பிடித்து, கண்மணியின் அளவு, சுருங்கத் தொடங்க எடுத்த நேரம், சுருங்கிய வேகம் ஆகியவற்றைக் கணக்கிடுகிறது. ஒரு வகைக் கருவி அவற்றையெல்லாம் சேர்த்து 0 முதல் 5 வரை ஓர் எண்ணைக் கொடுக்கிறது. மூன்றுக்குக் கீழே போனால் இயல்பு குன்றியதென்று கொள்கிறார்கள். இவ்வெண் குன்றிக்கொண்டே போவதற்கும் நோயாளியின் நிலை மோசமாவதற்கும் உள்ள தொடர்பைப் பல நாட்டு ஆஸ்பத்திரிகள் சேர்ந்து ஆராய்ந்து 2023 இல் வெளியிட்டுள்ளன. விலையுயர்ந்த கருவி. தீவிர சிகிச்சைப் பிரிவுகள் பலவற்றில் இன்றும் டார்ச்சும் பேனாவும்தான். ஒழுங்காக எழுதப்பட்ட தாள் இருந்தால், அதுவே பேருதவி என்பது என் துணிபு.

கண்மணி விரிந்துவிட்டது என்று கேட்டவுடன் நம்மில் பலர் எல்லாம் முடிந்ததென்று அழத் தொடங்குகின்றனர். அவ்வாறு கொள்ளவேண்டா. அழுத்தத்தைக் குறைக்கும் மருந்தேற்றி, கட்டிய இரத்தத்தை விரைந்து அகற்றியபின் கண்மணி பழையபடி சுருங்கி, நோயாளி எழுந்து நடந்ததும் உண்டு. மூளைச் சாவு என்று அறிவிப்பதற்குக் கண்மணி ஒன்று போதாது. 1994 ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டத்தின்படி, மருத்துவர் குழு மூளைத்தண்டின் எல்லா அனிச்சைச் செயல்களையும், தானே மூச்சு விடும் ஆற்றலையும் சோதித்து, குறைந்தது ஆறு மணி நேரம் கழித்து அச்சோதனைகளை மறுபடியும் செய்த பின்னரே அவ்வாறு கூற இயலும்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு வீட்டிலும் முதியோர்க்கென ஒரு தாள் எழுதி, குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வையுங்கள். பெயர், வயது, உட்கொள்ளும் மாத்திரைகள், முக்கியமாக இரத்தம் உறையாமைக்கான மாத்திரை உண்டா என்பது, கண்ணில் அறுவை செய்தது எப்போது, எந்தச் சொட்டு மருந்து விடுகிறார், இரு கண்மணிகளும் இயல்பாகவே ஒத்தவையா, எந்த மொழி பேசுவார் என்பன அதில் இருக்கட்டும். விழுந்தால், விழுந்த மணியையும் வாந்தி எடுத்த மணியையும் அதன் கீழே எழுதி, கையோடு கொண்டு செல்லுங்கள். தமிழில் மட்டும் எழுதினால் இவ்வூரில் பயன்படாது. மராத்தியிலும் ஆங்கிலத்திலும் எழுத வேண்டும். மராத்தி எழுத வராதவர்கள் ஞாயிறு மாலைகளில் சங்கக் கட்டடத்துக்கு வந்தால், நம் பள்ளிப் பிள்ளைகள் எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். மாதிரித் தாள் நூறு படிகள் எடுத்து வாயிலருகே மேசையில் வைத்திருக்கிறேன். செல்லும்போது ஆளுக்கொன்று எடுத்துச் செல்லுங்கள்.